எதை, எப்படிப் படிப்பது: பிள்ளைகளைக் கேட்கும் முறை

பாடநூலில் ஒரு வரியையும் பள்ளி மாற்ற முடியாது. எந்த எடுத்துக்காட்டோடு நடத்துவது, செயல்திட்டத்துக்கு என்ன தலைப்பு என்பதெல்லாம் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய இடம் அதுதான். குழந்தை தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது.

ஜூன் கடைசியில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம். "என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "பி.டி. பீரியட்" என்றுதான் வரும். இரண்டு கேள்வி போதும்: போன வருஷம் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் புரியாமல் நின்றது? வீட்டிலோ வயலிலோ பார்க்கிற எதைப் பற்றிப் படிக்க ஆசை?

கை தூக்கச் சொல்லாதீர்கள். முதல் பெஞ்சு பேசும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சீட்டுகளை வேறு வகுப்பு ஆசிரியர் பிரிக்கட்டும். வகுப்பாசிரியருக்குக் கையெழுத்து தெரியும் என்ற பயமே பாதிப் பேரை வாயடைத்துவிடும். எழுதத் தடுமாறுகிறவர்களிடம் நாலு நாலு பேராக உட்கார்ந்து பேசிக் கேளுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் பேசினார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

"அப்பா மா கணக்குல பேசுறார், புத்தகத்துல ஹெக்டேர்" என்று ஒரு சீட்டு வருகிறது என்று வையுங்கள். விடக் கூடாத சீட்டு அது. குழி, மா, வேலி எல்லாம் நம் ஊர்ப் பழைய நில அளவுகள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மைதானத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு குழியை அளக்கச் சொல்லுங்கள். 144 சதுர அடி வரும்; அப்படியானால் மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஏழரை மா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் வேறு கணக்குச் சொன்னால் அதையும் எழுதி வரட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதும் பாடம்தான். இதேபோல, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர் தங்கள் ஊர் வாய்க்காலுக்கு வரும் நாளைக் குறித்துவைத்தால் வேகம், தொலைவு, காலம் மூன்றும் அதற்குள் அடங்கும்.

ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கரும்பலகையில் எதை எடுத்துக்கொண்டோம், எது முடியாது, ஏன் முடியாது என்று எழுதுங்கள். பெரும்பாலும் இந்த முயற்சி படுப்பது இங்கேதான்: கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த முறை வெற்றுச் சீட்டுதான் வரும். வயல் பார்க்க வண்டி, செலவு என்று வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். அதை அங்கே ஒரு மாணவரே எடுத்துச் சொல்லட்டும். அக்டோபரில் மறுபடி சீட்டு கொடுங்கள், இம்முறை ஒரே கேள்வி: நீங்கள் சொன்னது நடந்ததா?