பி.பி. நோட்டை எக்செல்லுக்கு மாற்றுவது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரை வாங்க வருகிறவர்களை நோட்டில் எழுதிவிடுகிறோம். வந்தவர் யார் என்று அதில் இருக்கும். வராமல் போனவர் யார் என்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. மாத்திரையை நிறுத்தினாலும் உடனே எதுவும் தெரியாது. அதனால் எனக்கு முக்கியம் வராதவர் பட்டியல்தான். அதை எடுக்க ஒரு எக்செல் தாள் போதும்.

படி 1: தலைப்புகள்

முதல் வரிசையில் இவற்றை அடியுங்கள்: வந்த தேதி, நோயாளி எண், பெயர், வயது, ஊர், செல்போன், மேல் அளவு, கீழ் அளவு, எத்தனை நாள் மாத்திரை, அடுத்த தேதி, திரும்ப வந்தாரா. ஒரு வருகைக்கு ஒரு வரிசை. பெயரை வைத்துத் தேடாதீர்கள். முத்துலட்சுமி அடுத்த மாதம் முத்துலெட்சுமி ஆகிவிடுவார், எண் மாறாது.

படி 2: பி.பி.யைப் பிரித்து எழுதுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். 150/96 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. 140-க்கு மேல் யார் யார் என்று கேட்டால் பதில் வராது. நான் மூன்று மாதம் அப்படியே அடித்திருந்தேன். நீங்களும் அடித்திருந்தால், பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசை சேர்த்துக்கொண்டு, டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ போய், சாய்கோட்டைப் பிரிக்கும் குறியாகக் கொடுங்கள். காலி இடம் விடாவிட்டால் அடுத்த நெடுவரிசை அழிந்துவிடும்.

அப்புறம் அதே மெனுவில் ‘டேட்டா வேலிடேஷன்’. மேல் அளவுக்கு 60 முதல் 260 வரை மட்டும் என்று வையுங்கள். கை தவறி 1500 அடித்தால் அங்கேயே நிற்கும்.

படி 3: எண்ணும் தேதியும்

14 இலக்க ஆபா எண்ணையும் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) சேர்ப்பதானால், அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எண் சுருங்கி வேறு மாதிரி தெரியும். 05/06 என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்து ஜூன் 5 ஆகலாம், மே 6-ம் ஆகலாம். மாதத்தை எழுத்தில் அடிப்பது நல்லது. தேதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நின்றால் சரி. இடது பக்கம் நின்றால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

படி 4: அடுத்த தேதி

சமன் குறி போட்டு, வந்த தேதிக் கட்டத்தைத் தொட்டு, கூட்டல் குறி, பிறகு மாத்திரை நாள் கட்டம், என்டர். 45800 மாதிரி ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். கட்டத்தின் வடிவத்தைத் ‘டேட்’ என்று மாற்றுங்கள்.

படி 5: பூட்டு

ஃபைலுக்குக் கடவுச்சொல் போடுங்கள். மறந்தால் மீட்க முடியாது, அதனால் பொறுப்பு மருத்துவருக்கும் தெரிந்திருக்கட்டும். பெயர், எண்ணோடு பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. நம்பித்தான் நம்மிடம் நோயைச் சொல்கிறார்கள்.

படி 6: வராதவர் பட்டியல்

ஒருவர் வந்ததும் அவருடைய பழைய வரிசையில் ‘ஆம்’ போட்டுவிட்டு, புது வரிசை எழுதுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டிலேயே மாத்திரை வாங்கியவருக்கும் இப்படியே. திங்கட்கிழமை காலையில் ஃபில்டர் போட்டு, அடுத்த தேதி இன்றைக்கு முன்பு, திரும்ப வந்தாரா காலி என்று தேர்ந்தெடுங்கள். நிற்கிற பெயர்களைக் கூப்பிட்டு, “ஏன்மா வரல?” என்று கேளுங்கள். பஸ் இல்லை, நூறு நாள் வேலை, தலைசுற்றியதால் நிறுத்திவிட்டேன் என்று என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு நெடுவரிசை சேர்த்து அதை எழுதுங்கள். தலைசுற்றல் என்றவரைப் பற்றி அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.