பழைய லாரியில் ஸ்கேனர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் எந்த லாரிப் பட்டறைக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு பையன், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறு எண்களை (எரர்) படிக்கும் ஸ்கேனரோடு நிற்கிறான். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்கேனர் புதிதாக வந்த காலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் தடுமாறிய அதே இடத்தில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். தேவையில்லாத அதே பாகங்களை மாற்றுகிறார்கள். செலவு வண்டிக்காரர் தலையில் விழுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி. பிஎஸ்3 காலத்துக் கடைசியில் வந்த காமன் ரயில் வண்டிகள் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில், அதாவது ரயிலில், டீசலை அதிக பிரஷரில் தேக்கிக் கொடுப்பவை), அப்புறம் 2017 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை விற்ற பிஎஸ்4 வண்டிகள், இவற்றைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்று இரண்டாவது, மூன்றாவது ஓனர் கையில் ஓடுபவை பெரும்பாலும் இவைதான். புது வண்டியில் ஸ்கேனர் காட்டும் எரரை ஓரளவு அப்படியே நம்பலாம். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் சென்சாருக்கு முன்னால் வயரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

சாவியை ஆஃப் செய்யாமல் கனெக்டரைக் கழற்றுவது, ஃபியூஸ் பார்க்காமல் விடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே மேஸ்திரி திட்டித் திருத்தியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எரரைப் பார்த்ததும் அழித்துவிடுவது

எரர் விழுந்த நேரத்தில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதைப் பல ஈசியூ-க்கள் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடவே பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். டிரைவர் "தொப்பூர் ஏத்தத்துல நின்னுபோச்சுங்ணா" என்று சொல்வதற்கும் அந்தப் பதிவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள்.

எரர் நம்பரைப் பாகத்தின் பெயராகப் படிப்பது

"பி0087 வந்திருக்கு, பம்ப் மாத்தணும்" என்கிறார்கள். பி0087 சொல்வது ரயிலில் பிரஷர் குறைவு என்பதை மட்டும்தான். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்கிலிருந்து வரும் ஹோஸில் காற்று இழுக்கலாம், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமாக இருக்கலாம், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வுக்குக் கரண்ட் சரியாகப் போகாமல் இருக்கலாம். பம்ப் அந்தப் பட்டியலில் கடைசியில் வருகிறது.

பெரிய வண்டிகளில் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண் எந்த அளவைப் பற்றியது என்று சொல்லும். 100 என்றால் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் சூடு, 157 என்றால் ரயில் பிரஷர். பையன்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ன கோளாறு என்பது இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது.

கூலன்ட் சென்சார் மாதிரி இரண்டு வயர் சென்சாரில் இரண்டாவது எண் 4 வருகிறதா? சென்சாரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 3 ஆக மாறினால் வயரும் ஈசியூ-வும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் உள்ளே ஷார்ட். மாறாமல் 4 ஆகவே நின்றால் சிக்னல் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது, புது சென்சார் போட்டாலும் பயனில்லை. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சென்சார் வாங்க ஆள் அனுப்புகிறார்கள்.

எர்த்தை ஓம் மீட்டரில் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்வது

எர்த் என்பது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது.

மேட்டூரிலிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றும் ஒரு பத்துச் சக்கர வண்டி. காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் சுற்றினால்தான் பிடிக்கும். ஓடும்போது திடீரென்று இழுவை போகும், ராத்திரியில் ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம். ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எரர்கள்: கிராங்க் சென்சார் சிக்னல், ரயில் பிரஷர், ஈசியூ-வுக்கு வரும் வோல்டேஜ் குறைவு. வேறொரு பட்டறையில் முதலில் கிராங்க் சென்சார் மாற்றினார்கள். அப்புறம் ரயில் பிரஷர் சென்சார். அப்புறம் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினார்கள், அது நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் "ஈசியூ போச்சுங்க" என்று சொல்லி அதையும் மாற்றிவிட்டார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது. ஓனர் வட்டிக்கு வாங்கிய பணம் அது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டேன் என்று என்னிடம் சொன்னார்.

எர்த் பார்த்தீர்களா என்று அந்தப் பட்டறைப் பையனிடம் கேட்டேன். "பாத்தேங்ணா, மீட்டர்ல பீப் அடிச்சுது, ஜீரோ ஓம்ஸ்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. மீட்டர் அப்படித்தான் காட்டியிருக்கும்.

ஓம் ரேஞ்சில் இருக்கும் மல்டிமீட்டர் வயருக்குள் அனுப்புவது ஓரிரு மில்லி ஆம்பியர் அளவுக் கரண்ட்தான். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையில் முக்கால்வாசி இழை அறுந்து, மிச்சம் பச்சை பூத்துப்போய் இருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போய்விடும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போய்விடலாம், லாரி போகாது. செல்ஃப் அடிக்கும்போது அதே பட்டை வழியாகச் சில நூறு ஆம்பியர் திரும்பியாக வேண்டும். ஆல்டர்னேட்டர் இன்ஜின் மேல் இருப்பதால், லைட் போட்டதும் அதன் கரண்டும் இதே வழியில்தான் சுற்றி வரவேண்டும். ராத்திரியில் கோளாறு அதிகமானதற்குக் காரணம் அதுதான்.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டை கெட்டால் சேசிஸோடு சேர வேறு உருப்படியான வழி இல்லை. அந்தக் கரண்ட் வயரிங்கில் இருக்கும் மெல்லிய எர்த் வயர், கியர் லிங்கேஜ் என்று கிடைத்த வழியில் நுழைந்து வயரைச் சூடாக்கி உருக்கும். இந்த வண்டியில் ஈசியூ-வின் எர்த் வயர்கள் இன்ஜின் பிளாக்கில்தான் முடிந்தன. பிளாக்கின் எர்த் மேலே ஏறினால் ஈசியூ-வுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் அவ்வளவும் குறையும். மூளை தடுமாறும், வால்வுக்குக் கரண்ட் குறையும், ரயில் பிரஷர் விழும். அத்தனை எரருக்கும் மூலம் ஒன்றே.

சரி, எப்படிப் பார்ப்பது? கரண்ட் ஓடும்போது பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வைக்காதீர்கள். கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே பூத்திருப்பதும் கணக்கில் வரவேண்டும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்திப் பிடியுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இந்த வண்டியில் மூன்றரை வோல்ட் வந்தது. இன்ஜின் ஓடும்போது லைட்டெல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல். பிறகு சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் வோல்ட் தாவுகிறதோ அங்கே கோளாறு. பட்டையைச் சேசிஸில் முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் கனமாக பெயின்ட். எப்போதோ பாடி வேலை செய்தபோது சேசிஸுக்கு பெயின்ட் அடித்து, சுரண்டாமல் அதன் மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். புதுப் பட்டை, உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ். வேலை முடிந்தது.

ஈசியூ கனெக்டருக்கு வரும் வயர்களுக்கும் இதே கதைதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு, சாவி போட்டு, பாசிட்டிவ் பின்னில் 24 வோல்ட் வருகிறது என்று மீட்டரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24 காட்டும். 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே கொடுங்கள். 70 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது. மங்கினால் ஈசியூ வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். பல்பு வயரின் முனையில் அந்தக் கனெக்டருக்குப் பொருந்தும் அளவுள்ள பின்னைத்தான் போடவேண்டும். தடித்த கம்பியைத் திணித்தால் டெர்மினல் விரிந்து, நாளைக்கு அங்கேயே ஒரு புது லூஸ் கான்டாக்ட் உருவாகும்.

ஈசியூ மாற்றச் சொல்லும் முன் இந்த இரண்டு சோதனையையும் செய்யாதவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. பாகத்தின் விலையோடு அது முடிவதில்லை. பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் பொறித்திருக்கும் எண்ணைப் புது ஈசியூ-வில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் ஐட்லிங்கில் குலுங்கும், புகை வரும். அதற்கு இன்னொரு பட்டறை, இன்னொரு செலவு.

வெல்டிங்

பாடி வேலைக்கு விடும் முன் பேட்டரி டெர்மினலையும் ஈசியூ கனெக்டரையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த் கிளாம்ப் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வயர் மேல் உறையைக் குத்திப் பார்ப்பது

குத்தாதீர்கள். அடுத்த மழையில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ரயில் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது

பழைய பம்ப் வண்டியில் நாசில் பைப்பைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்த பழக்கம் கையில் இருக்கிறது. காமன் ரயிலில் 1,000 பாருக்கு மேல் போகும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரி. எந்த சிலிண்டர் என்று பார்க்க ஸ்கேனரிலேயே இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்தும் வசதி இருக்கிறது.

12 வோல்ட் ஸ்கேனர்

கார் ஸ்கேனரை 24 வோல்ட் வண்டியில் சொருகும் முன் அது 24 தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டர் ஒரே மாதிரி 16 பின்தான், பொருந்திவிடும். அந்த 16ஆவது பின்னில் பேட்டரியின் முழு வோல்டேஜ் வரும்.

ரயிலே இல்லாத வண்டியில் ரயில் பிரஷர் தேடுவது

பிஎஸ்4 என்றாலே காமன் ரயில் என்று நினைக்காதீர்கள். அசோக் லேலண்ட் 2017இல் ஐஇஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் முறை) என்று கொண்டுவந்த இன்ஜின்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் பழைய பாணி இன்லைன் பம்ப்தான். ஸ்கேனரில் மாடல் தேர்வு செய்யும் முன் பானெட்டையோ கேபினையோ தூக்கி இன்ஜினைக் கண்ணால் பாருங்கள்.

ஏற்காட்டில் பூஸ்ட் சென்சாரைக் குற்றம் சொல்வது

எஸ்டேட் வண்டி ஒன்றைப் பார்க்க மேலே போன பையன் போன் செய்தான். "அண்ணா, பூஸ்ட் சென்சார் போயிடுச்சுங்க. சாவி போட்டா 85தான் காட்டுது, நம்ம பட்டறையில 98 வருமுங்களே."

"எங்கப்பா இருக்கே?"

"ஒண்டிக்கடைகிட்டங்ணா."

டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளப்பது பூஸ்ட் சென்சார். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், அங்கே 98 கிலோபாஸ்கல். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அங்கே 85தான் வரும். சென்சார் சரியாகச் சொல்கிறது. மலையில் நின்றுகொண்டு 98 காட்டியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஈசியூ-வுக்குள் தனியாகக் காற்றழுத்த சென்சார் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள், சாவி போட்ட நிலையில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சூடு காட்டும் சென்சார்களையும் இப்படியே சோதிக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் கூலன்ட், காற்று, டீசல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 காட்டினால் அந்த வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது

பாட்டுப் பெட்டிக்கும் ஃபேனுக்கும் இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து வயர் இழுத்திருப்பார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மொத்தமாகப் பார்த்தால் 24 காட்டும். பேட்டரிகளைத் தனித்தனியாக, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள்.

ஸ்கேனர் பேசவில்லை என்றதும் ஈசியூ-வைச் சந்தேகிப்பது

பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 பின் கனெக்டரில் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். இந்த ஒரு இடத்தில் ஓம் மீட்டர் நன்றாக உதவும். ஈசியூ-வும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் கேன் வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வரவேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஜீரோ என்றால் இரண்டு வயரும் உரசி ஒட்டியிருக்கின்றன.

பழைய வண்டியில் அந்த யாரோ பெரும்பாலும் ஜிபிஎஸ் மாட்டியவர்கள்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். முந்தைய ஓனர் மாட்டியது, அதற்கு முந்தைய ஓனர் மாட்டியது என்று இரண்டு மூன்று பெட்டிகள் கூட ஒரே வண்டியில் கிடக்கும். ஓனரிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள், சுரண்டிய இடத்தை ஈயம் வைத்து ஒட்டி மூடுங்கள், மறுபடி 60 வருகிறதா என்று பார்த்த பிறகு ஸ்கேனரைச் சொருகுங்கள்.