மழையில் பிக்கப் குறைகிறதா? டிராக்‌ஷன் கன்ட்ரோலை நீங்களே சோதிக்கலாம்

மழை நாள். பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். கார் பாயாமல் ஒரு கணம் மூச்சுப் பிடிக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடக்கிறது. பிக்கப் போச்சு என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம், அது சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல். 2024-ல் வந்த ஸ்விஃப்டில் அடிப்படை வேரியன்டிலேயே இஎஸ்பி-யோடு (கார் நிலை தவறாமல் காக்கும் அமைப்பு) சேர்ந்து வருகிறது.

முதலில் இக்னிஷனை ஆன் செய்து பாருங்கள். கீழே வளைந்த கோடுகள் போட்ட கார் படம் எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பழுதாக இருக்கலாம், சோதனையை விட்டுவிடுங்கள்.

அடுத்து, மழை விட்டதும் ஆளில்லாத, அனுமதி உள்ள ஒரு திறந்த இடத்துக்குப் போங்கள். ஸ்டியரிங் நேராக, முதல் கியர். கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். காலடியில் கரகரவென்று சத்தம் வரும், பயப்படாதீர்கள்.

நடந்தது இதுதான். கார் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். சின்னக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களை. அந்த நேரம் பார்த்து அவை லேசாகிவிடுகின்றன. மொசைக் தரையில் ஓடப் பார்க்கும் நாயின் கால் மாதிரி சக்கரம் சும்மா சுற்றும். ஒன்று ஈரத்திலும் மற்றது காய்ந்த தாரிலும் இருந்தால் இன்னும் மோசம்: ஈரத்தில் இருப்பது சுற்ற, மற்றது சும்மா நிற்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்கள் இதைக் கண்டுபிடித்ததும் இன்ஜினின் இழுவை குறைகிறது, சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுகிறது. அப்போதுதான் அடுத்த சக்கரத்துக்கு இழுவை கிடைக்கிறது.

சரி, இப்போது இந்த அமைப்பின் ஆஃப் பட்டனை அழுத்தி அதையே திரும்பச் செய்யுங்கள். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நின்று வீடியோ எடுக்கட்டும். இன்ஜின் அலறும், ஸ்டியரிங் இழுக்கும். உள்ளே இருப்பவருக்கு ஏதோ ராக்கெட் மாதிரி இருக்கும். வீடியோவில் பார்த்தால் கார் நகர்ந்தது கொஞ்சம்தான். பழகிய கால் இருந்தால் ஆஃபில் வைத்தே இன்னும் வேகமாகக் கிளப்பலாம், மறுக்கவில்லை. தார் ரோட்டில் சக்கரம் பத்து இருபது சதவீதம் வழுக்கும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அந்த அளவைக் காலால் பிடிப்பது லேசில்லை.

மணலில் மட்டும் கதை வேறு. கடற்கரையில் ஒருமுறை நான் மிதிக்க மிதிக்க இன்ஜின் அடங்கிக்கொண்டே போனது; நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது. அங்கே சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வண்டி நகரும், அதனால் ஆஃப் செய்துவிட்டு மெதுவாக மிதியுங்கள். தார் வந்ததும் பட்டனை மறுபடி அழுத்துங்கள். மறந்தாலும், பெரும்பாலான கார்களில் இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் தானாகவே ஆன் ஆகிவிடும்.