பட்டனை அழுத்தினால் ஜன்னல் உறையக் கூடாது: விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒலியைப் பின்னணியில் ஏற்றி ஒலிக்கவைப்பது

தெரிந்தவர் ஒருவரின் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு டோக்கன் கூப்பிடும் சின்ன மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். "அடுத்து" என்று ஒரு பட்டன், அழுத்தினால் "டோக்கன் எண், ஏழு, உள்ளே வரவும்" என்று குரல் வரும், அவ்வளவுதான். முதல் நாளே கவுண்டரில் இருந்த அக்கா போன் செய்தார்: "தம்பி, ஏழு கூப்பிட்டா எட்டும் ஒன்பதும் தானா கூப்பிடுது, மூணு பேரும் ஒண்ணா எந்திரிச்சு வர்றாங்க."

பேய் எதுவும் இல்லை, தப்பு என்னுடையது. ஒலி முடியும்வரை நகராமல் காத்திருக்கும் பிளேசின்க் என்ற செயல்கூறைப் போட்டிருந்தேன். குரல் பேசி முடிக்கிற நாலு வினாடியும் ஜன்னல் அசையாமல் நிற்க, அழுத்தியது விழவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னும் இரண்டு தடவை அழுத்த, விண்டோஸ் அந்த இரண்டையும் வரிசையில் பத்திரமாக வைத்திருந்து, குரல் முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறது.

காரணம் எளிது. ஜன்னலை வரைவது, மவுஸ் கிளிக்கை வாங்குவது, நீங்கள் எழுதிய பட்டன் வேலையைச் செய்வது எல்லாம் ஒரே த்ரெட்தான் (நிரலின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இழை). அதை நாலு வினாடி பிடித்து வைத்தால் மற்ற எல்லாம் நாலு வினாடி காத்திருக்கும். ஐந்து வினாடி தாண்டினால் விண்டோஸே பொறுமை இழந்து, ஜன்னலை வெளுக்கவைத்து, பதில் இல்லை என்று தலைப்பில் எழுதிவிடும். ஆகவே காத்திருக்கும் வேலையை அந்த த்ரெட்டிலிருந்து கழற்றிவிடுவதுதான் இன்றைய வேலை. அதற்குப் பெயர்தான் அசின்க். (தமிழில் எழுதினால் கொஞ்சம் அசிங்கமாகத்தான் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நிரல் வரிகளை நான் ஒட்டவில்லை. பெயர்களை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன், விஷுவல் ஸ்டூடியோவில் புள்ளி வைத்ததும் பட்டியல் விழும், அதில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் பழகியவர்களுக்குக் கை வராது என்பது என் கட்சி.

படி 1: ஃபார்ம்

சி ஷார்ப்பில் புதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் ப்ராஜெக்ட் திறந்து, இரண்டு பட்டன், ஒரு லேபிள் போடுங்கள். ஒரு பட்டனுக்கு "காலை அறிவிப்பு", இன்னொன்றுக்கு "அடுத்து" என்று பெயர். அறிவிப்பு பட்டனின் எனேபிள்ட் பண்பை மட்டும் ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், ஏன் என்பது மூன்றாம், நாலாம் படிகளில் தெரியும்.

படி 2: சவுண்ட்பிளேயர்

மேலே யூசிங் வரியில் சிஸ்டம்.மீடியா சேருங்கள். அதிலிருக்கும் சவுண்ட்பிளேயர் என்ற வகுப்பு நமக்குப் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதை ஃபார்ம் வகுப்பின் உள்ளேயே, எந்தச் செயல்கூறுக்குள்ளும் இல்லாமல், ஒரு ஃபீல்டாக அறிவியுங்கள். பட்டன் கிளிக்குக்குள் அறிவித்தால், செயல்கூறு முடிந்ததும் அந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. ஒலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தைக் கூட்டிப் பெருக்க வருகிறவர் அதையும் அள்ளிக்கொண்டு போகலாம், அப்போது ஸ்பீக்கரில் கரகரவென்று வரும்.

படி 3: பின்னணியில் ஏற்றுவது

எங்கள் காலை அறிவிப்பு ஒரு நிமிட வேவ் கோப்பு, இணைய முகவரி ஒன்றில் இருக்கிறது. வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட், ஸ்டீரியோவுக்கு இரண்டு மடங்கு: வினாடிக்கு 1,76,400 பைட், ஒரு நிமிடத்துக்கு ஒரு கோடியே ஐந்து லட்சத்துச் சொச்சம், அதாவது சுமார் 10 எம்பி. 8 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 10 லட்சம் பைட்தான் வரும், ஆக ஏற்றி முடிக்க பத்தரை வினாடிக்கு மேல். இதைச் சாதாரண லோட் செயல்கூறால் ஏற்றினால் ஜன்னல் அவ்வளவு நேரமும் உறையும் என்பதோடு, லோட்டைம்அவுட் பண்பின் இயல்பு மதிப்பு 10,000 மில்லிவினாடி, அதாவது கரை சேர அரை வினாடி இருக்கும்போது டைம்அவுட் பிழை விழும்.

அதனால் ஃபார்ம் திறக்கும்போது எழும் அதன் லோட் நிகழ்வில் மூன்று வேலை, இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் லோட்கம்ப்ளீட்டட் நிகழ்வுக்கு ஒரு செயல்கூறைக் கட்டுங்கள் (கூட்டல் சமம் போட்டு டேப் விசையைத் தட்டினால் விஷுவல் ஸ்டூடியோவே கூடு கட்டித் தரும்). பிறகு சவுண்ட்லொகேஷன் பண்பில் முகவரியைக் கொடுங்கள். கடைசியாக லோட்அசின்க்கை அழையுங்கள். அது உடனே திரும்பிவிடும், ஜன்னல் வழக்கம்போல நடமாடும், கோப்பு பின்னால் வந்துகொண்டிருக்கும்.

வரிசையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கோப்பு உங்கள் வட்டிலேயே இருந்தால் லோட்அசின்க் பின்னணிக்கெல்லாம் போவதே இல்லை. கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்த அழைப்புக்குள்ளேயே "முடிந்தது" என்று நிகழ்வை எழுப்பிவிடும். நிகழ்வைப் பிற்பாடு கட்டினால் ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்குப் போன கதைதான். கோப்பு இல்லாவிட்டாலோ, பிழை நிகழ்வு வழியாக வராது, லோட்அசின்க் வரியிலேயே வெடிக்கும், அதனால் அந்த வரியை ட்ரை கேட்ச்சுக்குள் வையுங்கள்.

படி 4: வந்து சேர்ந்ததும்

லோட்கம்ப்ளீட்டட் செயல்கூறில் முதலில் பார்க்க வேண்டியது எரர் பண்பு. அது நல் (null, அதாவது காலி) இல்லையென்றால் ஏற்றுவதில் சிக்கல், லேபிளில் "அறிவிப்பு வரவில்லை" என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். நல் என்றால் அறிவிப்பு பட்டனை எனேபிள் செய்யுங்கள். லோட்அசின்க்கை ஃபார்மின் த்ரெட்டிலிருந்து அழைத்ததால் இந்த நிகழ்வும் அதே த்ரெட்டுக்குத்தான் வந்து சேரும், இன்வோக் போட்டு த்ரெட் மாற்றுவதெல்லாம் தேவையில்லை, பட்டனை நேராகத் தொடலாம்.

அந்தப் பட்டன் கிளிக்கில் ஒரே வரி: பிளே. இது ஒலியைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். ஆனால் ஒன்று: பிளே அசின்க்தானே என்று மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்து நேராக பிளேயை அழைத்தால், இணைய முகவரியில் இருக்கும் கோப்பை அது முதலில் ஏற்றி முடிக்கும், அந்தக் காத்திருப்பு உங்கள் பட்டன் த்ரெட்டிலேயே நடக்கும். ஒலிப்பது மட்டும்தான் பின்னணியில். நான் இதில் அரை நாள் விட்டேன்.

படி 5: மூன்று துண்டுக் குரல்

இப்போது டோக்கன். "டோக்கன் எண்", "ஏழு", "உள்ளே வரவும்" என்று மூன்று வேவ் கோப்பு, மூன்றும் வட்டில். மூன்றுக்கும் பிளே போட்டால் என்ன கேட்கும்? "உள்ளே வரவும்" மட்டும். சவுண்ட்பிளேயர் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான், அடுத்தது வந்தால் முந்தியது அறுந்துவிடும். வேறு சவுண்ட்பிளேயர் பொருள் உருவாக்கினாலும் இதே கதைதான்.

இங்கேதான் நான் திட்டிய பிளேசின்க் உதவிக்கு வருகிறது. ஒலி முடியும்வரை அது காத்திருக்கும், அந்தக் காத்திருப்பு வேறு த்ரெட்டில் நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? "அடுத்து" பட்டனின் கிளிக் செயல்கூறுக்கு முன்னால் அசின்க் என்ற சொல்லைச் சேருங்கள். உள்ளே முதல் வரியில் இரண்டு பட்டனையும் முடக்குங்கள். பிறகு அவெய்ட் போட்டு டாஸ்க்.ரன் (வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்புவது இதுதான்), அதன் அடைப்புக்குள், காலை அறிவிப்பை ஏற்றி வைத்திருக்கும் சவுண்ட்பிளேயரைத் தொடாமல் புதிதாக உருவாக்கி, மூன்று கோப்புக்கும் ஒன்றன்பின் ஒன்றாக பிளேசின்க். இதை ட்ரைக்குள் வைத்து, ஃபைனலியில் பட்டன்களைத் திரும்ப எனேபிள் செய்யுங்கள் (அறிவிப்பு பட்டனை, நாலாம் படியில் எரர் நல் என்று வந்திருந்தால் மட்டும்). ஃபைனலியை விட்டுவிட்டால், ஏதோ ஒரு எண்ணின் கோப்பு காணாமல் போன அன்று பட்டன் நிரந்தரமாக மங்கி நிற்கும்.

ஓடவிட்டு, குரல் பேசும்போதே ஜன்னலை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கூடவே வந்தால் சரி.

எம்பி3 கோப்பின் பின்னொட்டை வேவ் என்று மாற்றி வைத்து ஏமாற்ற நினைக்காதீர்கள், ஏற்றும்போது ஒன்றும் சொல்லாது, ஒலிக்கவைக்கும்போதுதான் பிழை எறியும், பிசிஎம், அதாவது சுருக்காத வேவ் மட்டுமே இதற்கு ஆகும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து 16 பிட் வேவாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். சத்தம் கூட்டிக் குறைக்க, நடுவில் நிறுத்தித் தொடர, இரண்டு ஒலியை ஒன்றாகக் கலக்க வேண்டுமென்றால் சவுண்ட்பிளேயர் உதவாது, நூகெட் என்ற நூலகக் கிடங்கில் கிடைக்கும் என்ஆடியோ நூலகத்துக்குப் போங்கள்.