ஏரிச் சேற்றில் காட்டின் கதையைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரியடியில் அடுக்கடுக்காகப் படியும் சேற்றில் மகரந்தமும் கரியும் சிக்கிக்கொள்ளும்; அவற்றை வைத்துத்தான் பழைய காட்டின் கதையைப் படிக்கிறோம். போன வாரம் ஆய்வகத்தில் ஒரு மாணவி, ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்று உருளையைக் கிடத்தி அளந்துகொண்டிருந்தார். கறுத்த சேற்றின் நடுவே எரிமலைச் சாம்பலின் வெளிறிய பட்டை ஒன்று. அதையும் சேர்த்தே அளந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். கைப்பிசகுகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவை பழகப் பழகத் தீர்ந்துவிடும்.

பச்சையைக் கண்டதும் கன்னிக்காடு என்பது

ஈக்வடாரில், ஆண்டீஸ் மலையின் கிழக்குச் சரிவில் கிஹோஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1850களில் அதன் மேகக்காடுகளை, அதாவது மேகம் சூழ்ந்த மலைக்காடுகளை, மனிதர் வாழாத காடு என்றே எழுதினார்கள். அங்குள்ள ஏரியின் சேற்றிலோ பல நூற்றாண்டு மக்காச்சோள மகரந்தமும் கரியும் கிடந்தன. ஸ்பானியர் வந்தபின் மக்கள் மாண்டும் சிதறியும் போனார்கள். சுமார் 130 ஆண்டுகளில் வயல்களைக் காடு மூடிவிட்டது.

சாம்பலைக் காலமாக எண்ணுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறுக்காது. சேறு ஆண்டுக்கணக்கில் படிகிறது. எரிமலைச் சாம்பலோ சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ விழுந்து முடிந்துவிடுகிறது.

என் உருளையில் 100 செ.மீ. ஆழத்துச் சேற்றுக்கு வயது 1,000 ஆண்டு. ஒரு செ.மீ.க்குப் பத்து ஆண்டு என்று வகுத்தேன். மக்காச்சோளம் மறைந்த இடம் 45 செ.மீ. ஆக, 450 ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 1560. ஸ்பானியர் அந்தப் பக்கம் குடியேறிய காலம்! அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் மறுபடி சரிபார்க்கவே தோன்றவில்லை.

ஆனால் 10 முதல் 30 செ.மீ. வரை இருந்தது முழுக்கச் சாம்பல். அந்த 20 செ.மீ.யைக் கழித்தால் உண்மையான சேறு 80 செ.மீ.தான், செ.மீ.க்குப் பன்னிரண்டரை ஆண்டு. மக்காச்சோளம் மறைந்த இடத்துக்கு மேலே உண்மையான சேறு 25 செ.மீ.தான், அதாவது சுமார் 310 ஆண்டு. ஆக, அது மறைந்தது ஏறக்குறைய 1700. கட்டுரை முழுவதையும் கிழித்துப் போட்டு, காலக்கணிப்புக்குப் புதிதாகப் பணம் கட்டினேன். இரண்டு ஆண்டுகள் போயின.

சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே தேயுங்கள். சேறு வழுக்கும், சாம்பல் நறநறக்கும். நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லுகள் மின்னும். மிக மெல்லிய பட்டை வெறும் கண்ணுக்குத் தப்பிவிடலாம் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

கரி எல்லாம் எரிமலை மூட்டியது என்பது

மேகக்காடு ஈரம் சொட்டும் காடு. தானாகத் தீப்பிடிப்பது அரிது. சாம்பல் பட்டையை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்த கரி வேறு, நூற்றாண்டுக்கணக்கில் மக்காச்சோள மகரந்தத்துடன் கூடவே வரும் கரி வேறு. பின்னது பெரும்பாலும் உழவர் மூட்டிய தீ. மக்காச்சோள மகரந்தம் பெரியது, கனமானது, வெகுதூரம் பறக்காது. கண்ணில் பட்டால் வயல் பக்கத்தில் இருந்தது என்று பொருள்.

மக்காச்சோளம் இல்லையென்றால் உழவும் இல்லை என்பது

கிழங்குகள் மகரந்தத்தில் அரிதாகவே தலைகாட்டும்.

'எரிமலை காட்டை அழித்தது' என்று எழுதுவது

சாம்பல் பட்டைக்குக் கீழேயும் மேலேயும் மர மகரந்தத்தை எண்ணி, உண்மையிலேயே குறைந்ததா என்று பாருங்கள். பிறகு எழுதுங்கள்.