இயற்கை வள முகாமைத்துவ முதுமாணி: சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பின் களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே புறாமலைப் பவளப்பாறை, புல்மோட்டையில் கனிய மணல், மகாவலி கலக்கும் கொட்டியாரக்குடா, கந்தளாய்க் குளம். இருந்தும் சிலர் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எல்லா முதுமாணியும் ஒன்று என நினைப்பது முதல் தவறு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மட்டம் 9 என்பது 30 கிரெடிட் கொண்ட பாடநெறிப் பட்டம். மட்டம் 10 என்றால் 60 கிரெடிட், இரண்டு வருடம், ஆய்வும் உண்டு. பதவி உயர்வுக்குப் படிப்பவருக்கு முதலாவது போதும். கலாநிதிப் படிப்பு வரை போக ஆசை இருந்தால் மட்டம் 10 பக்கம் பாருங்கள். காசு கட்டுவதற்கு முன்பே எந்த மட்டம் என்று கேட்டுவிடுங்கள்.

காலத்தைப் பார்க்காமல் தலைப்பு எடுப்பதுதான் பெரிய தவறு. நவம்பர் தொடங்கி வாடை அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். பவளப்பாறையில் ஒன்றும் தெரியாது. மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல கடல். அதோடு புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஆய்வு செய்ய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஜூலையில் விண்ணப்பித்தால் அனுமதி வருவதற்குள் வாடை வந்துவிடலாம். அப்படியே ஒரு வருடம் போய்விடும். தலைப்பைப் பேசும்போதே விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குங்கள்.

கந்தளாயிலும் இதே கதைதான். பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் பார்க்காமல் தண்ணீர்ப் பங்கீடு பற்றி எழுத முடியாது. போகம் தொடங்குமுன் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் எதற்காக வாதாடுகிறார் என்று கேட்டாலே பாதி ஆய்வு கிடைத்துவிடும்.

மீனையும் மண்ணையும் அளந்துவிட்டு, மனிதரைக் கடைசியில் ஒரு வினாக்கொத்தோடு தேடிப் போவது இன்னொரு தவறு. கரைவலை இழுக்கும் நேரத்தில் தாளை நீட்டினால் யார் பதில் சொல்வார்? கயிற்றில் நீங்களும் ஒரு கை பிடியுங்கள், மீனைப் பங்கு பிரித்து முடியும்வரை நில்லுங்கள். அப்புறம் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும் பேசுவார், வலை இழுத்தவரும் பேசுவார். இருவர் சொல்வதும் ஒன்றாக இராது, இரண்டையும் எழுதுங்கள்.

மேற்பார்வையாளரைப் பெயருக்காகத் தேடாதீர்கள். அவரிடம் படித்து முடித்த இருவரிடமாவது, வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.