பழைய கேமிங் கொம்பியூட்டர்: பாகம் மாற்றுவதா, மொத்தமாக மாற்றுவதா?

மதர்போர்ட்டின், அதாவது எல்லாப் பாகமும் பூட்டப்படும் பலகையின், பெயர் தெரியாமல் கிராபிக்ஸ் கார்ட் விலை விசாரிக்கத் தொடங்காதீர்கள். ஏழெட்டு வருடம் ஓடிய கேமிங் மெஷினுக்கு இன்னும் காசு போடலாமா, விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாமா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வயது அவ்வளவு முக்கியமில்லை. 2017இல் வாங்கிய இரண்டு மெஷின்களில் ஒன்றை இன்னும் நாலு வருடம் ஓட்டலாம், மற்றதற்கு ரேம் வாங்கிப் போடுவதே நட்டம்.

எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்கும் முன் நான் பார்ப்பது ஒன்றுதான்: இது அடுத்த மெஷினுக்கும் கூட வருமா? எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வரும், மொனிட்டர் வரும், நல்ல பவர் சப்ளை வரும், கிராபிக்ஸ் கார்ட்டும் வரும். புரொசசர், மதர்போர்ட், ரேம் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றை மாற்றப் போனால் மற்ற இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். அந்த மூன்றில் காசு போடுவதென்றால் அந்த மெஷினின் சொக்கெட்டுக்கு (போர்ட்டில் புரொசசர் உட்காரும் இடம்) இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

அதற்கு முன் பெட்டியைத் திறந்து துப்புரவு செய்யுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் கல்லடியிலோ காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ கடல் காற்று நேரே படும் வீட்டில் இருக்கிற மெஷினுக்கு இதுதான் முதல் வேலை. பக்க மூடியைக் கழற்றியதும் பாருங்கள்: கிராபிக்ஸ் கார்ட்டைப் பூட்டிய ஆணியின் தலை செம்பழுப்பாக இருக்கும், ஹீட்சிங்கின் (சூட்டை வெளியேற்றும் பாகம்) அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், புரொசசர் ஃபேனைக் கழற்றினால் அதற்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளிபோல் ஒரே துண்டாக உரிந்து வரும். சில பெட்டிகளில் பவர் சப்ளைக்குள் காய்ந்த பல்லியும் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி வயரையும் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோவராலும் தூசியை எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ரேமின் மஞ்சள் பின்களைச் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். "திடீரென்று ஓஃப் ஆகுது, டிஸ்ப்ளே வருதில்ல" என்று கொண்டுவரும் மெஷின்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையோடு எழும்பிவிடும். புரொசசருக்குப் புது தேர்மல் பேஸ்ட் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) பூசுவதும் இதே நேரத்தில் முடிகிற சின்ன வேலை. பவர் சப்ளையை மட்டும் உடைத்துத் திறக்க வேண்டாம், வயரைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின் இருக்கும்.

கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கும் மாதங்களில், சீட் கூரை போட்ட அறையில், பகல் இரண்டு மணிக்குக் கேம் விளையாடி மெஷின் இழுக்கிறது, அதாவது வேகம் குறைந்து தடுமாறுகிறது, என்றால் அது பழசானதால் இல்லாமல் இருக்கலாம். புரொசசர் 90, 100 பாகையை எட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். இரவில் அதே கேமை ஓட்டிப் பாருங்கள். இரவில் நன்றாக ஓடினால் உங்களுக்குத் தேவை காற்றோட்டம்.

சரி, துப்புரவு முடிந்தும் இழுக்கிறது. இனி அளக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அதைப் போட்டு கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்ட்டின் சிப்) எத்தனை வீதம் உழைக்கிறது, புரொசசர் எத்தனை வீதம், வெப்பம் என்ன, எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) என்ன என்று காட்டவிடுங்கள். ஜிபியு 97, 98 வீதத்தில் நின்றால் கிராபிக்ஸ் கார்ட்தான் மெஷினைப் பின்னுக்கு இழுக்கிறது. ஜிபியு 60 வீதத்தில் சும்மா இருந்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் புரொசசர்தான் காரணம். சந்தேகமாக இருந்தால் கேமின் திரைத் துல்லியம் 1080பி என்றால் அதை 720பிக்கு இறக்குங்கள்: எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்ட், அப்படியே நின்றால் புரொசசர். புரொசசர் வீதத்தைப் பார்க்கும்போது மொத்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், புரொசசருக்குள் தனித்தனியாக வேலைசெய்யும் நாலு கோரில் ஒன்று 100இல் முட்டி நின்றாலும் மொத்தம் 50 என்று காட்டலாம். வேலரன்ட் மாதிரிக் கேம்களில் அதிகம் உழைப்பது புரொசசர், அங்கே விலை கூடிய கார்ட் வாங்கிப் போட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று திட்டுவதில் பிரயோசனம் இல்லை.

விட்டு விட்டு ஒரு கணம் உறைகிறது, மேப் ஏற நிறைய நேரம் எடுக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கையும் ரேமையும் பாருங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் விண்டோஸ் இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்குங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 எம்பி அளவு வாசிக்கும், ஹார்ட் டிஸ்க் 100, 150இல் மூச்சு வாங்கும், அதோடு எஸ்எஸ்டி அடுத்த மெஷினுக்கும் வரும். ரேம் 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் அதே வகையில் இன்னொன்று போட்டு இரட்டைச் சனலாக்குவது (இரண்டு துண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கவிடுவது) கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். பயோஸில் (மெஷினைத் தொடக்கிவிடும் போர்ட்டின் மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு, போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிற கூத்து. இதைச் சரிசெய்ய ஒரு சதமும் செலவில்லை.

இனி மதர்போர்ட். சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டால் பெயரும் சொக்கெட்டும் வரும்.

இன்டெல் 4ஆம் தலைமுறை, டிடிஆர்3 ரேம் என்றால் அந்தக் குடும்பத்தில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். பாவித்த ஐ7 4790 மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும், ஆனால் அது அதற்கு மேல் போக வழியில்லாத சொக்கெட். 6ஆம், 7ஆம் தலைமுறையும் கிட்டத்தட்ட அதே கதைதான், 8ஆம் தலைமுறை புரொசசர் அதே 1151 சொக்கெட்டில் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் பழைய போர்ட் அதை முறைப்படி ஏற்காது. இதோடு விண்டோஸ் பிரச்சினையும் உண்டு: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) கேட்கும், இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியின் ரைசனில் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏற்கும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் வேலரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் செக்கியூர் பூட்டும் (பயோஸில் போடும் பாதுகாப்பு அமைப்பு) இல்லாமல் திறக்காது.

ரைசனுக்கான ஏஎம்4 சொக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரைசன் 5 1600ஐ பி450 போர்ட்டில் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். பயோஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 போட்டால் ரேமும் போர்ட்டும் அப்படியே இருக்க மெஷின் பல வருடம் முன்னே பாயும், 1600ஐ ஏற்காத விண்டோஸ் 11 இதை ஏற்கவும் செய்யும். பயோஸைப் பழைய புரொசசர் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், புதியதைப் பூட்டிவிட்டால் திரையே வராது. யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம். மாரி மழையில் பாதியில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும், பிறகு எந்தக் கேள்வியும் மிச்சமில்லை.

இன்டெல் 12ஆம் தலைமுறை என்றாலும் அதே போர்ட் பயோஸ் புதுப்பித்தலோடு 13, 14 வரை போகும். இதற்குக் குழம்பத் தேவையில்லை.

இன்னொன்று: ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 மெஷினுக்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான். ஏஐ சேவர்களுக்காக மெமரி உற்பத்தி திரும்பியதில் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. ஆகவே கையில் 16 ஜிபி டிடிஆர்4 இருந்தால் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஏஎம்4இலேயே இன்னும் கொஞ்சக் காலம் இருப்பதற்கு அது மட்டுமே போதிய காரணம்.

கார்ட் வாங்குவது

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களுக்கு: என்விடியா இவை அடங்கிய பாஸ்கல் வரிசைக் கார்ட்களுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 ஒக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். ஜிடிஏ 5, வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இவைதான் உங்கள் உலகம் என்றால் பதற வேண்டாம். டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரிப் புதுசுகள் ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் உள்ள கார்டையே கட்டாயமாகக் கேட்கின்றன, அவை வேண்டும் என்றால்தான் கார்ட் மாற்ற வேண்டும்.

பாவித்த கார்ட் வாங்குவதில் தப்பில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கார்ட்டை ஓட்டி மின்நாணயம் சம்பாதிப்பது) நின்ற பிறகு மைனிங்கில் ஓடிய கார்ட்கள் குவியலாகச் சந்தைக்கு வந்தன, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் விற்பவரின் வீட்டுக்குப் போய், அவருடைய மெஷினிலேயே அரை மணித்தியாலம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் கரகரக்கிறதா, திரையில் புள்ளி, கோடு வருகிறதா, பின்தகட்டில் துரு இருக்கிறதா என்று கவனியுங்கள். கார்ட்டின் விபரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை உங்கள் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் ஷேடர் (கார்ட்டுக்குள் கணக்கிடும் அலகு) 2304 இருக்க வேண்டும், 2048 என்று காட்டினால் அது உண்மையில் 570 தரம். வேறு பெயர் ஏற்றிய பழைய என்விடியா கார்ட்களையும் ஜிபியு-இசட் போலி என்று காட்டிக்கொடுக்கும். வாங்க வந்தவன் பென் டிரைவை எடுத்ததும் விற்பவர் முகம் மாறினால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

போர்ட் பழையதாக இருந்தால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தவிருங்கள். அது போர்ட்டோடு தரவு பரிமாற நாலு பிசிஐஇ பாதைதான் பாவிக்கும், பிசிஐஇ 3.0 போர்ட்டில் வேகம் தெரியும்படி குறையும். ஆர்எக்ஸ் 6600 எட்டுப் பாதை, 132 வொட் மட்டும் எடுக்கும், பழைய மெஷினுக்கு எனக்குப் பிடித்த தெரிவு.

வொட் என்றதும் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 500 வொட் என்று பெரிதாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 என்றால் 12 தர 18, வெறும் 216 வொட். புரொசசரும் கார்ட்டும் உறிஞ்சுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். பெட்டியோடு சும்மா வந்த பவர் சப்ளையில் புதுக் கார்டைப் பூட்டுவதைவிட, கார்டை ஒரு படி குறைத்துவிட்டு மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளை வாங்குவது மேல். யூபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள், 650 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360 வொட் அளவுதான் தாங்கும்.

கந்தோரில் பாவித்த டெல், எச்பி பெட்டியைக் கேமிங் மெஷினாக்கியவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அவற்றில் பலவற்றின் பவர் சப்ளையும் போர்ட்டும் சொந்த அளவு, சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. மெல்லிய பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்ட் மட்டும்தான் போகும். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வொட், தனி மின் வயர் கேட்காது, உயரம் குறைந்த வடிவத்திலும் உண்டு. அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஆசைப்பட வேண்டாம்.

கணக்கு எப்படிப் போடுவது? மாற்ற வேண்டிய பாகங்களின் இன்றைய விலையைக் கூட்டுங்கள், கழற்றும் பாகங்கள் விற்கும் காசைக் கழியுங்கள். அதே வேகம் தரும் புது மெஷினின் விலையில் அது பாதியைத் தாண்டினால் புதிது எடுங்கள், தாண்டாவிட்டால் மாற்றுங்கள். ஆனால் கூட வரும் பாகங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவை அடுத்த மெஷினின் முற்பணம். கல்முனையில் 4ஆம் தலைமுறை ஐ5ஓடு இருக்கிற ஒரு தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: இப்போது எஸ்எஸ்டி, அடுத்து நல்ல பவர் சப்ளை, பிறகு கார்ட், கடைசியில் போர்ட், புரொசசர், ரேம் மூன்றும் ஒரே நாளில். இப்படிப் பிரித்தால் வீட்டில் கேட்கும் தொகையும் ஒரேயடியாகப் பெரிதாகத் தெரியாது.

எங்கே வாங்குவது என்பது வொரன்டியைப் பொறுத்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் பழுதானால் முந்நூறு கிலோமீட்டர் திரும்பப் போக வேண்டும், இல்லையென்றால் கூரியரில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மட்டக்களப்பு நகரிலோ அக்கரைப்பற்றிலோ கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கி, பழுதானால் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க முடிவது பெரிய விசயம். கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவரும் கார்ட்டுக்கு இங்கே எந்தக் கடையும் பொறுப்பெடுக்காது என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள், அப்புறம் அவரைக் கோபிக்கக் கூடாது.

புதிது எடுத்தீர்கள் என்றால் பழையதை அடுத்த நாளே விற்க வேண்டாம், புதியது இரண்டு கிழமை ஒழுங்காக ஓடட்டும். பழைய 4ஆம் தலைமுறை மெஷினைப் பிரித்து விற்பதைவிட முழு செட்டாக, உயர்தர ஐசிடி படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்குக் கொடுத்தால் கூடக் காசு வரும். டிஸ்க்கைத் துடைத்துக் கொடுங்கள். பழைய கார்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ரைசன் 5 5600 மாதிரிப் புரொசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, புதுக் கார்ட் வொரன்டிக்குக் கொழும்பு போகும் கிழமைகளில் திரை வர அந்த 1050 டிஐதான் வேண்டும்.